கருவி செய்யும் மாநிலத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் கல்வி

பினாங்குத் தீவின் தென்கிழக்கு மூலையிலுள்ள பாயான் லெப்பாஸில், நோயாளியின் கையில் மருந்துநீர் ஏற்றப் பயன்படும் ஊசிக்குழாய்கள் உற்பத்தியாகின்றன. 2014-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் பெருநிலத்தைத் தொடும் பத்து காவானில், செயற்கை மூட்டுகளும் நீரிழிவாளரின் தோலில் ஒட்டிச் சர்க்கரையளவைத் தொடர்ந்து காட்டும் உணரிகளும் செய்யும் ஆலைகள் எழுந்துள்ளன. அங்கிருந்து சிறிது தெற்கே நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. ஜார்ஜ்டவுன் நகரின் தனியார் மருத்துவமனைகளுக்கோ கடல் கடந்து சுமத்ராவின் மேடானிலிருந்தே நோயாளிகள் வந்து போகின்றனர். ஆலை, பல்கலைக்கழகம், மருத்துவமனை ஆகிய மூன்றும் இவ்வளவு நெருங்கி அமைந்த இடங்கள் மலேசியாவில் அதிகமில்லை. ஆயினும் இம்மூன்றையும் ஒன்றாக இணைக்க வேண்டிய உயிர்மருத்துவப் பொறியியலை இளநிலைப் பட்டமாகக் கற்க விரும்பும் பினாங்கு மாணவர், பெரும்பாலும் மாநில எல்லையைத் தாண்டியே செல்ல நேர்கிறது. இந்த முரண்பாடு எவ்வாறு தோன்றியது, அத்துறை எதைக் கற்பிக்கிறது, அதை எந்த வழியில் கற்பது தகும் என்னும் வினாக்களை ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். உயிர்மருத்துவ அறிவியல் என்பது இரத்தம், திசு, நுண்ணுயிர் ஆகியவற்றை ஆய்வகத்தில் சோதித்து நோயை அறியும் துறை. உயிர்மருத்துவப் பொறியியல் என்பது உடலை அளக்கவும், தாங்கவும், ஈடுசெய்யவும் வேண்டிய கருவிகளை வடிவமைத்து, செய்து, பேணும் பொறியியல் துறை. இரண்டும் விண்ணப்பப் பட்டியலில் அடுத்தடுத்து நிற்பதாலும், 'மருத்துவம்' என்ற சொல் இரண்டிலும் இருப்பதாலும், மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காத பிள்ளைக்கு எதுவானாலும் சரி என்ற எண்ணத்தில் பெற்றோர் ஒன்றுக்கு மற்றொன்றைக் குறித்துவிடுவதுண்டு. பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.டி.பி.எம். தேர்வில் உயிரியலுக்காக இயற்பியலைக் கைவிட்ட மாணவர் இவ்வாறு பொறியியல் வகுப்புக்குள் வந்து சேர்ந்தால், முதலாண்டின் மின்சுற்றியலிலும் வகையீட்டுச் சமன்பாடுகளிலும் திணறுவது இயல்பே. மருத்துவம் கைநழுவியவர் ஒதுங்கும் திண்ணையாக இத்துறையைக் கருதுவது, துறைக்கும் மாணவருக்கும் ஒருசேரச் செய்யும் அநீதி.

இத்துறையின் உண்மையான இயல்பை விளக்க, எல்லா மருத்துவமனையிலும் காணும் இதய மின்னலைப் பதிவுக் கருவி ஒன்றே போதும். இதயம் துடிக்கும்போது எழுந்து மார்புத் தோலை எட்டும் மின்னழுத்தம் ஏறக்குறைய 1 மில்லிவோல்ட். நோயாளி படுத்திருக்கும் அறையின் சுவரில் ஓடும் மின்சாரமோ 240 வோல்ட், அதாவது அதைப் போல் 240,000 மடங்கு. மனித உடல் ஒரு வானலை வாங்கியைப் போல அந்தச் சுவர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வை ஈர்த்துக்கொள்வதால், பெருக்கியைக் கொண்டு வெறுமனே பெருக்கினால் இதயத்தின் ஓசை அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். எனவே இரண்டு மின்முனைகளை வைத்து, இரண்டிலும் பொதுவாக இருப்பதைத் தள்ளி, அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டை மட்டும் பெருக்கும் சுற்று அமைக்கப்படுகிறது; இதயத்துக்குத் தொடர்பே இல்லாததுபோல் வலது காலில் வைக்கப்படும் மின்முனை, உடல் ஈர்த்த இரைச்சலைத் தலைகீழாக்கி உடலுக்கே திருப்பி அனுப்பி அதைத் தணிக்கிறது. சிக்கல் இத்துடன் முடிவதில்லை. தோலின் வழியே பாயும்போது பெரிதும் உணரப்படாத மின்கசிவு, இதயத்துக்குள் செருகிய குழாய் வழியே பாய்ந்தால் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதால், இதயத்தை நேரடியாகத் தொடும் கருவிகளில் இயல்பு நிலையில் 10 மைக்ரோஆம்பியருக்கு மேல் கசியக் கூடாதென்று அனைத்துலகத் தரநெறி வரையறுக்கிறது. மின்னணுவியல், உடலியங்கியல், பாதுகாப்பு நெறி ஆகிய மூன்றையும் ஒரே சிந்தனையில் பிடித்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தையே நான்கு ஆண்டுகளில் அத்துறை பழக்குகிறது; எலும்பும் தசையும் தாங்கும் விசைகளை ஆராயும் உயிர் இயக்கவியல், உடல் வெறுக்காத பொருள்களைத் தேடும் உயிர்ப்பொருளியல், படிமவியல் முதலிய பாடங்கள் அனைத்தும் அதன் விரிவுகளே.

துறையின் பெயர் புதிது, வேலை பழையது. நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த இதய மின்னலைப் பதிவுக் கருவியை இயக்க ஐவர் தேவைப்பட்டனர். 1958-இல் சுவீடனில் முதன்முறையாக மனித உடலுக்குள் இதயமுடுக்கி பொருத்தப்பட்டது. 1971-இல் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டின் கணினி ஊடுகதிர் வருடி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. இவ்வரலாற்றில் பினாங்குக்கும் ஓர் இடம் உண்டு என்பதைப் பாடநூல்கள் எப்போதும் சொல்வதில்லை. 1879-இல் ஜார்ஜ்டவுனில் பிறந்து, பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் பயின்று, கேம்பிரிட்ஜில் மருத்துவம் கற்ற வூ லியன் தே, 1910-11-இல் மஞ்சூரியாவைச் சூறையாடிய நுரையீரல் பிளேக் நோய் மூச்சுவழிப் பரவுகிறது என்று கண்டு, மெல்லிய துணியும் பஞ்சும் அடுக்கிய முகக்கவசத்தை மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்கும் அணிவித்தார். அதை ஏற்க மறுத்து நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சில நாட்களில் அந்நோய்க்கே பலியானார். மலிவான பொருள், எவரும் தைக்கக்கூடிய வடிவம், முகத்தில் நழுவாத கட்டு என்று அவர் கைக்கொண்ட நிபந்தனைகள் யாவும் ஒரு கருவிப் பொறியாளரின் நிபந்தனைகளே.

இன்றைய பினாங்கின் கருவித் தொழில் வேறொரு வேரிலிருந்து முளைத்தது. 1969-இல் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்து வேலையின்மையில் தவித்த மாநிலத்தில், அன்றைய முதலமைச்சர் லிம் சொங் இயூவின் ஆட்சி 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரத்தைத் தொடங்கியது. இன்டெல் முதலிய மின்னணு நிறுவனங்கள் அங்கு வந்த அதே காலத்தில், ஜெர்மானிய மருத்துவக் கருவி நிறுவனமான பி. பிரௌனும் வந்தது. மின்சில்லு ஆலைகள் வளர்த்த தூசியில்லா அறைகள், நுண்ணச்சு வார்ப்பாளர்கள், தானியங்கி இயந்திரம் கட்டுவோர், இரவு முறைக்குப் பழகிய டெக்னீஷியன்கள் ஆகிய அனைத்தும் பின்னர் வந்த மருத்துவக் கருவி ஆலைகளுக்கு ஆயத்தமான அடித்தளமாயின. பாஸ்டன் சயன்டிஃபிக், ஸ்மித் அண்ட் நெஃப்யூ, டெக்ஸ்காம் போன்ற பெயர்கள் பத்து காவானில் காணப்படுவதற்கு, நிலமும் வரிச்சலுகையும் மட்டுமன்றி, ஏறக்குறைய அரை நூற்றாண்டுத் தொழிற்பழக்கமும் காரணம்.

அவ்வாலைகளில் ஒரு பட்டதாரி எதிர்கொள்ளும் வேலை எத்தகையது என்பதை, மருத்துவமனைப் பேச்சில் 'டிரிப் ஊசி' எனப்படும் அந்த எளிய ஊசிக்குழாயே காட்டிவிடும். கூரிய எஃகு ஊசியின்மேல் மெல்லிய நெகிழிக்குழல் போர்த்தப்பட்டிருக்கும். ஊசி வழிகாட்டிக் குழலை இரத்தக்குழாய்க்குள் சேர்த்தபின் வெளியேறிவிட, குழல் மட்டும் உள்ளே தங்கும். தோலைத் துளைக்கும்போது குழலின் நுனி மடங்காத அளவுக்கு விறைப்பாகவும், உள்ளே தங்கியபின் குழாயின் சுவரைக் கீறாத அளவுக்கு மென்மையாகவும் அது இருக்க வேண்டும் என்பதால், உடல் வெப்பத்தில் இளகும் பாலியூரித்தேன் வகைகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஊசிமுனையைத் தீட்டும் கோணம், உராய்வைக் குறைக்கும் சிலிக்கோன் பூச்சு, வெளிவரும் ஊசி செவிலியரின் விரலைக் குத்தாமல் மூடிக்கொள்ளும் பாதுகாப்புக் கவ்வி, எத்திலீன் ஆக்சைடு வாயுவினால் கிருமிநீக்கம் செய்தபின் எஞ்சும் நச்சின் அளவு என ஒவ்வொன்றும் சோதித்து எழுதிவைக்கப்பட வேண்டியவை. சில ரிங்கிட் விலைபோகும் பொருளுக்குப் பின்னால் அலமாரி நிறையும் ஆவணங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் செயற்கை இதயத்தைக் கனவு கண்டு வந்தவருக்கு இந்த எழுத்துவேலை சலிப்பூட்டலாம். ஆனால் பன்னாட்டு நிறுவனங்களின் வடிவமைப்புப் பணி பெரும்பாலும் தலைமையகத்திலேயே நடைபெற, பினாங்கில் செயல்முறைப் பொறியியல், தரச் சரிபார்ப்பு, ஒழுங்குமுறைப் பணி ஆகியவையே மிகுதி என்பதைச் சேரும்போதே அறிந்திருப்பது நல்லது.

இத்துறையை எங்குக் கற்கலாம் என்ற வினாவுக்கு வருவோம். மலேசியாவில் இதற்கெனத் தனித் துறையை முதலில் நிறுவியது கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகம், ஆண்டு 1997. செயற்கை உறுப்புகளும் தாங்கு கருவிகளும் பொருத்தும் கலைக்கென்றும் அங்குத் தனிப்பட்டம் உண்டு. வடக்கே, பெர்லிஸ் பல்கலைக்கழகம் மின்னணுவியலைச் சார்ந்த உயிர்மருத்துவப் பொறியியலைக் கற்பிக்கிறது. துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தின் சுங்கை லோங் வளாகத்திலும் அப்பட்டம் கிடைக்கிறது. பினாங்கின் சொந்தப் பல்கலைக்கழகமான மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1969-இல் தோன்றியது. அதன் பொறியியல் பிரிவு பேராக்கிலிருந்து 2001-இல் நிபோங் திபாலுக்கு வந்தது. அங்கு வானூர்தி, வேதி, கட்டுமானம், மின்–மின்னணு, பொருள்–கனிமவளம், இயந்திரம் என ஆறு பொறியியல் பள்ளிகள் உள்ளன. உயிர்மருத்துவத்துக்கென ஏழாவதாகத் தனிப்பள்ளி எழவில்லை. மருத்துவ இயற்பியல் மிண்டன் வளாகத்தில் இருக்கிறது. உயர்நிலை மருத்துவ ஆய்வுகள் கப்பளா பத்தாஸிலுள்ள அதன் கழகத்தில் நடைபெறுகின்றன. மருத்துவப் பள்ளியோ கிளந்தானின் குபாங் கெரியானில் அமைந்துள்ளது. ஒரே பல்கலைக்கழகத்தின் பொறியாளர்களும் மருத்துவர்களும் திதிவாங்சா மலைத்தொடரின் இரு புறங்களிலும் வாழ்கின்றனர் என்பதே பினாங்கின் முரண்பாட்டுக்கு மிக எளிய விளக்கமாகலாம். இத்துறை நோயாளியின் கட்டிலருகே வளர்வது. சத்திரசிகிச்சை நிபுணர் தேநீர் இடைவேளையில் சொல்லும் ஒரு குறையிலிருந்து கருவி பிறக்கிறது. மலை குறுக்கே நின்றால் அந்தத் தேநீருக்கு வாய்ப்பில்லை.

தமிழ்ச் சமூகம் தன் முயற்சியில் எழுப்பிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. வழியாக 2001-இல் உருவாகிக் கெடாவின் செமிலிங்கில் நிலைகொண்ட அந்நிறுவனத்தில் மருத்துவமும் பல்மருத்துவமும் மின்–மின்னணுப் பொறியியலும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. பினாங்கிலிருந்து பாலம் கடந்தால் எட்டிவிடும் தொலைவிலுள்ள அவ்வளாகத்தில் மருத்துவமும் பொறியியலும் கொண்டுள்ள இந்த அண்மை, இத்துறைக்கு எந்த ஆய்வகக் கட்டடத்தையும்விட மதிப்புள்ளது. அதை முழுமையாகப் பயன்படுத்துவது குறித்த சிந்தனை சமூகத்தில் இன்னும் வலுப்பெறவில்லை.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் துறை தோன்றிய அதே 1997-இல் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. அரசு மருத்துவமனைகளின் ஐந்து துணைச்சேவைகள் தனியார் நிறுவனங்களின் குத்தகைக்கு விடப்பட்டன. அவற்றுள் ஒன்று மருத்துவக் கருவிப் பராமரிப்பு. பினாங்கு உள்ளிட்ட வடமாநிலங்கள் அப்போது ஃபேபர் மெடி-செர்வ் நிறுவனத்தின் பொறுப்பில் வந்தன. கருவி கெட்டபின் பழுதுபார்ப்பது என்ற பழைய முறை போய், கெடுமுன் குறித்த நாளில் சோதிக்கும் தடுப்புப் பராமரிப்பும், மருந்தேற்றும் பம்பு காட்டும் அளவும் உண்மையில் செலுத்தும் அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும் அளவுத்திருத்தமும் ஒப்பந்தக் கடமைகளாயின. பின்னர் 2012-இல் இயற்றப்பட்டு 2013 ஜூன் 30 முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவக் கருவிச் சட்டம், கருவிகளை அவற்றால் விளையக்கூடிய இடரின் அளவுக்கேற்ப ஏ முதல் டி வரை நான்கு வகுப்பாகப் பிரித்தது. நாக்கை அழுத்திப் பார்க்கும் பலகை முதல் வகுப்பிலும், சுவாசத்தைத் தாங்கும் வெண்டிலேட்டர் மூன்றாவதிலும், இதய வால்வு நான்காவதிலும் அடங்கும். இச்சட்டமே பட்டதாரிகளுக்கு ஒழுங்குமுறைப் பணி என்ற புதிய தொழில்வாயிலைத் திறந்தது.

எனினும் சட்டமும் தரநெறியும் எல்லாப் பிழையையும் பிடித்துவிடும் என்று எண்ணிவிடலாகாது. தமிழ் மாணவர் தனிக்கவனம் கொள்ள வேண்டிய எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. ஜப்பானின் தகுவோ அயோயாகி 1974-ஐ ஒட்டிக் கண்டறிந்த நாடித்துடிப்பு ஆக்சிஜன் மானி, விரலில் மாட்டும் கவ்வியின் ஒரு புறத்திலிருந்து 660 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பொளியையும் 940 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பொளியையும் செலுத்துகிறது. ஆக்சிஜனை ஏந்திய குருதிநிறமி அகச்சிவப்பை அதிகம் விழுங்கும். ஏந்தாதது சிவப்பை அதிகம் விழுங்கும். இரண்டின் விகிதத்தைத் துடிப்போடு ஒப்பிட்டால் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு கிடைக்கும். ஆனால் தோலின் கருநிறமியான மெலனினும் ஒளியை விழுங்கும். 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, மானி நல்ல அளவைக் காட்டியும் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை வெள்ளையரில் 3.6 விழுக்காட்டு அளவீடுகளிலும் கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காட்டிலும் நேர்ந்ததெனக் காட்டியது. காரணம் மர்மமானதன்று. 2013-ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதலின்படி, பத்துப் பேரிடம் சோதித்தாலே போதும்; அவர்களுள் கருநிறத் தோலுடையோர் இருவரோ 15 விழுக்காட்டினரோ இருந்தால் போதும். 2025 ஜனவரியில் வெளியான வரைவு வழிகாட்டுதலே அத்தொகையை 150 பேர் அளவுக்கு உயர்த்த முன்வந்தது. அக்கவ்வியின் ஒளியைத் தரும் ஒளியுமிழ் டையோடைச் செய்த ஆலை, 1972-இல் பாயான் லெப்பாஸுக்கு வந்த லிட்ரானிக்ஸ். அதன் வழிவந்த ஓஸ்ராமும் அத்தொழிலைப் பினாங்கில் தொடர்ந்தது. அத்தகைய கவ்வியின் உயிர்நாடியான பொருளைச் செய்யும் மாநிலத்தில், பலவகைத் தோல்நிறத்தோரும் ஒரே தெருவில் வாழும் ஊரில், இந்த அளவீட்டை ஆராய இதைவிடப் பொருத்தமான களம் எளிதில் வாய்க்காது.

வடிவமைப்பைத் தாமே கைக்கொண்டவர்களின் முன்மாதிரி இந்தியாவில் இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1992-இல் தொடங்கிய ஆரோலாப், புரைநீக்கியபின் கண்ணுக்குள் வைக்கும் வில்லையை இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்குக்குச் செய்து காட்டியது. நாள்தோறும் அறுவை நடக்கும் மருத்துவமனையே அதன் சோதனைக்களமாகவும் முதல் வாடிக்கையாளராகவும் இருந்ததே அதன் வலிமை. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவான இதய வால்வு, மூன்று மாதிரிகள் தோற்று, நான்காவது வெற்றிபெற்று, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது, சென்னையின் டி.டி.கே. குழுமம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டு இடங்களிலும் மருத்துவரும் பொறியாளரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர்.

எஞ்சுவது, இதை இளநிலையிலேயே கற்பதா, வேறொரு பொறியியலில் வேரூன்றியபின் மேற்படிப்பாகக் கற்பதா என்ற வழக்கு. அமெரிக்காவில் 1960-களின் தொடக்கத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போன்ற பல்கலைக்கழகங்களில் இது முனைவர் பட்ட நிலையிலேயே வேர்பிடித்தது. இளநிலைப் பட்டம் பின்னர் பரவியது. இளநிலையை எதிர்ப்போர், அது எல்லாவற்றிலும் கொஞ்சம் கற்பித்து எதிலும் ஆழத்தைத் தருவதில்லை என்கின்றனர். ஆதரிப்போர், உடலைப் பற்றிய அறிவைப் பின்னர் ஒட்டுப்போட முடியாது என்கின்றனர். பினாங்கின் நிலையை வைத்துப் பார்த்தால், மருத்துவமனைப் பணியையோ செயற்கை உறுப்புத் துறையையோ உறுதியாக நாடுபவருக்குக் கோலாலம்பூர் அல்லது பெர்லிஸின் நேர்ப்பட்டமே பொருந்தும். ஆலைப் பணியைக் கருதுபவர் நிபோங் திபாலில் இயந்திரம், மின்னணு, பொருள்–கனிமவளம் ஆகியவற்றுள் ஒன்றைக் கற்று, இறுதியாண்டு ஆய்வையும் தொழிற்பயிற்சியையும் மருத்துவக் கருவியின்மேல் அமைத்துக்கொண்டால் இழப்பதற்கு அதிகமில்லை, வேலைச் சந்தை சுருங்கும் காலத்தில் மற்ற ஆலைகளின் கதவும் திறந்திருக்கும். பட்டத்தின் பெயரைவிட அதன் தகுதியே முக்கியம். மலேசியா 2009-இலும் இந்தியா 2014-இலும் வாஷிங்டன் உடன்பாட்டில் முழு உறுப்பினராயின. இதன்படி ஒரு நாட்டில் தர அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டத்தை மற்ற நாடுகளும் ஏற்கின்றன. எனினும் இந்தியாவில் எல்லாக் கல்லூரிகளும் இதில் அடங்கா. முதல் அடுக்கு என வகைப்படுத்தி அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டங்களுக்கே இது பொருந்தும். மலேசியாவிலும், பொறியியல் பட்டம் வேறு, பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் வேறு. முன்னது பொறியாளர் வாரியத்துக்கும் பின்னது 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழில்நுட்பவியலாளர் வாரியத்துக்கும் வழிகாட்டும். கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ பிள்ளையை அனுப்ப எண்ணும் பெற்றோரும், அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. விண்ணப்பத்தின் முன் அமரும் மாணவரும், கட்டணம் செலுத்துமுன் அந்தந்த நாட்டின் அங்கீகார மன்றம் வெளியிடும் பட்டியலில் தாம் தேர்ந்த பட்டத்தின் பெயர் இருக்கிறதா, அங்கீகாரம் எந்த ஆண்டுவரை செல்லும் என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.